தாதிக்கு எதற்கு ஆராய்ச்சி?

மருத்துவ ஆய்வு முறைகள் பற்றிய முதுமாணிப் பயிற்சிக்கு நான் விண்ணப்பித்தபோது உறவினர் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஊசி போடுவதற்கும் புண்ணுக்கு மருந்து கட்டுவதற்கும் இவ்வளவு படிப்பு வேண்டுமா? மூத்த மாமி மட்டும் சற்று மென்மையாக, "ஆராய்ச்சியையெல்லாம் டொக்டர்மார் செய்யட்டும் மகள். நீ உன்ட வேலையைப் பார்" என்றார்.

அன்று எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. பயிற்சியின் பெரும்பகுதியை முடித்துவிட்ட இப்போது ஓரளவு தெரிகிறது. நமது கல்லூரிச் சஞ்சிகைக்கு ஏதாவது எழுதும்படி ஆசிரியை கேட்டபோது, மாமிக்குச் சொல்லாமல் விட்ட பதிலையே எழுதலாம் என்று நினைத்தேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தங்கைகள் பலர் நாளை வைத்தியர்களாக, தாதியராக, மருந்தாளராக, குடும்பநல உத்தியோகத்தர்களாக வருவீர்கள். உங்களுக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும்.

இரண்டு ஊசிகளின் கதை

நான் பயிற்சித் தாதியாக இருந்த காலத்தில் மழை தொடங்கினால் பாம்புக்கடியும் தொடங்கிவிடும். தோட்டத்தில் நின்றவர், இருட்டில் படலையைத் திறந்தவர், விறகு எடுக்கப் போன தாய் என்று ஒவ்வொருவராகக் கொண்டு வருவார்கள். விஷம் ஏறியிருந்தால் விஷமுறிவு மருந்தை நாளத்தினூடாக ஏற்றுவோம்.

நமது வைத்தியசாலைகளில் பயன்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் தயாராவது. குதிரையின் உடலில் பாம்பு விஷத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்தெடுத்து இதைச் செய்கிறார்கள். உயிர் காக்கும் மருந்து இது. ஆனால் குதிரையின் புரதம் மனித உடலுக்கு அந்நியமானது. அதனால் சிலருக்கு உடம்பெல்லாம் தடிக்கும். சிலருக்கு மூச்சுத் திணறும். சிலருக்கு இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். விஷத்திலிருந்து காப்பாற்றப் போய் மருந்தினாலேயே ஆபத்து வரலாம்.

இதைத் தடுப்பதற்கு முன்கூட்டியே இரண்டு ஊசிகள் போடுவது அந்நாளில் பல இடங்களில் வழக்கமாக இருந்தது. ஒன்று ஹைட்ரோகோட்டிசோன், மற்றது புரோமெதசின். எனக்கு என் மூத்த தாதி சொல்லித் தந்தார். அவருக்கு அவருடைய மூத்தவர் சொல்லித் தந்திருப்பார். இரண்டுமே ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மருந்துகள். முன்னதாகக் கொடுத்தால் ஒவ்வாமை வராது என்பது நியாயமாகத்தானே தோன்றுகிறது? நான் எத்தனை பேருக்குப் போட்டிருப்பேன் என்று கணக்கு வைத்திருக்கவில்லை. ஏன் போடுகிறோம் என்று ஒருமுறையும் கேட்கவில்லை.

முதுமாணிப் பயிற்சியின் இரண்டாம் வாரத்தில் விரிவுரையாளர் எங்களிடம் ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தந்து வாசிக்கச் சொன்னார். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த அசித டி சில்வாவும் அருணாசலம் பத்மேஸ்வரனும் அவர்களுடைய குழுவினரும் இலங்கை வைத்தியசாலைகளில் 2005 முதல் 2008 வரை நடத்தி, 2011இல் வெளியிட்ட ஆய்வு அது. பாம்பு கடித்து விஷமுறிவு மருந்து தேவைப்பட்ட 1007 பேர் அதில் பங்குபற்றினார்கள். நான் போட்டுவந்த அதே இரண்டு ஊசிகளையும், மூன்றாவதாகத் தோலுக்குக் கீழே மிகக் குறைந்த அளவில் செலுத்தும் அதிரினலினையும் அவர்கள் சோதித்தார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் பதிலாக, பார்வைக்கு அதேபோன்ற, மருந்து இல்லாத வெற்று ஊசியும் இருந்தது. மூன்று மருந்துகளையும் கொடுப்பது, கொடாமல் விடுவது என்று எல்லா விதமாகவும் சேர்த்துப் பார்த்தால் எட்டுக் குழுக்கள் வரும். யார் எந்தக் குழுவில் என்பது நோயாளிக்கும் தெரியாது, ஊசி போடுபவருக்கும் தெரியாது.

முடிவு இதுதான். நான்கு பேரில் மூவருக்கு ஏதோ ஓர் எதிர்விளைவு வந்தது. அதிரினலின் பெற்றவர்களிடையே கடுமையான எதிர்விளைவுகள் முதல் ஒரு மணி நேரத்தில் 43 சதவீதம் குறைந்திருந்தன. 48 மணி நேரம் வரை பார்த்தபோதும் 38 சதவீதம் குறைவு. ஹைட்ரோகோட்டிசோனும் புரோமெதசினும் எதிர்விளைவைத் தடுக்கவில்லை. அதுமட்டுமல்ல; ஹைட்ரோகோட்டிசோனை அதிரினலினுடன் சேர்த்துக் கொடுத்தபோது அதிரினலினின் பயனும் இல்லாமற் போயிற்று.

அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு நான் சிறிது நேரம் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு மருந்துகளும் கெட்டவை என்பது இதன் பொருள் அல்ல. எதிர்விளைவு வந்த பின்னர் சிகிச்சையில் அவற்றுக்கு இடம் உண்டு. வருமுன் தடுக்கும் என்று நாம் நம்பியதுதான் தவறு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பாம்பு கடித்தால் கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அனுபவம் ஏன் போதவில்லை

பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. இத்தனை ஆண்டு அனுபவமுள்ள இத்தனை பேர் அந்த ஊசியைப் போட்டோமே, அது பயனில்லை என்று எங்களில் ஒருவருக்கும் ஏன் புலப்படவில்லை?

காரணம் எளிது. ஊசி போட்ட பின் நோயாளிக்கு எதுவும் நடக்காவிட்டால், "ஊசி வேலை செய்தது" என்போம். மூச்சுத் திணறினால், "ஊசி போட்டும் இப்படி என்றால் போடாவிட்டால் என்ன ஆகியிருக்கும்!" என்போம். எது நடந்தாலும் ஊசிக்கே வெற்றி. ஊசி போடாத இன்னொரு நோயாளியை, அவரைப் போன்ற இன்னொருவரை, நாம் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை. ஒப்பிடாமல் அனுபவம் எவ்வளவு நீண்டாலும் அது அதே தவறை அதே நம்பிக்கையோடு திரும்பச் செய்வதாகவே இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த எண்ணம் மேற்கிலிருந்து நேற்று வந்ததல்ல. ரய் நகரிலும் பக்தாதிலும் வைத்தியம் செய்த அபூபக்ர் அல் ராஸி, கி.பி. 925 அளவில் காலமானவர், தமது நோயாளர் குறிப்புகளில் ஒன்றைப் பதிந்திருக்கிறார். மூளைக்காய்ச்சலின் அறிகுறிகள் தோன்றியவர்களில் ஒரு சாராருக்கு அக்கால வழக்கப்படி இரத்தம் வெளியேற்றினார். மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டார். இரு சாராருக்கும் என்ன நடக்கிறது என்று கவனித்தார். இரத்தம் வெளியேற்றுவது நல்லது என்ற அவருடைய முடிவு இன்றைய அறிவுக்குப் பொருந்தாது. ஆனால் ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிட வேண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அவருக்குத் தோன்றியதே, அதுதான் பெரிது. அவருக்குப் பின் வந்த இப்னு ஸீனா, மருந்தைச் சோதிப்பதற்கான விதிகளைத் தமது மருத்துவப் பெருநூலில் வகுத்தார். மருந்தை மனிதரிடத்திலேயே சோதிக்க வேண்டும், விலங்கில் கண்டது மனிதருக்குப் பொருந்தாமற் போகலாம் என்பது அவற்றுள் ஒன்று.

நோய்க்கு மருந்து உண்டு என்ற நம்பிக்கையை மார்க்கம் நமக்குத் தந்தது. அந்த மருந்து எது என்று தேடுவது நமது பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது.

பயிற்சியில் என்ன படிக்கிறோம்

"ஆராய்ச்சி" என்றதும் கண்ணாடிக் குழாய்களும் நுணுக்குக்காட்டியும் நினைவுக்கு வரும். நாங்கள் படிப்பது அதுவல்ல. நோயாளியின் கட்டிலருகே எழும் ஒரு சந்தேகத்தை, விடை காணக்கூடிய கேள்வியாக மாற்றுவதையும், அந்த விடையை ஏமாறாமல் பெறுவதையும் படிக்கிறோம்.

முதற்பாடம் கேள்வி கேட்பது. "இந்த மருந்து நல்லதா?" என்பது கேள்வியல்ல. யாருக்கு, எதைக் கொடுத்தால், எதனோடு ஒப்பிடும்போது, என்ன மாற்றம் வருகிறது? இந்த நான்கும் இருந்தால்தான் அது ஆய்வுக் கேள்வி. முதல் மாதம் முழுவதும் எங்கள் கேள்விகளை விரிவுரையாளர்கள் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டாவது, சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது. நோயாளரை இரண்டு குழுவாக்கும்போது நாமே தெரிவு செய்தால், நம்மை அறியாமலே நலமானவர்களைப் புதிய மருந்துப் பக்கம் சேர்த்துவிடுவோம். சீட்டுக்கு இரக்கமும் இல்லை, ஓரவஞ்சனையும் இல்லை. வயது, நோயின் கடுமை, வசதி, நமக்குத் தெரியாத மற்ற எல்லாமே இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்துவிடும். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் புதிதாக வந்தபோது பிரித்தானியாவில் அது எல்லோருக்கும் கொடுக்கப் போதவில்லை. 107 நோயாளரை இப்படிப் பிரித்து, 55 பேருக்கு அம்மருந்தையும் 52 பேருக்கு அக்கால வழக்கமான படுக்கை ஓய்வையும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். 1948இல் வெளியான அந்த ஆய்வு, இன்றைய மருந்து ஆய்வுகளுக்கு முன்மாதிரி ஆயிற்று.

மூன்றாவது, மறைத்தல். தமக்கு உண்மையான மருந்து கிடைத்தது என்று தெரிந்தவர் சுகமாக உணர்வார். தாம் கொடுத்தது உண்மையான மருந்து என்று தெரிந்த தாதியும் சுகத்தையே தேடிப் பார்ப்பார். ஆகவே இருவருக்கும் தெரியாமல் வைப்பது நல்லது.

நான்காவது, எண்ணிக்கை. நாணயத்தைப் பத்து முறை சுண்டும்போது ஏழு முறை தலை விழுந்தால் ஆச்சரியமில்லை. ஆயிரம் முறை சுண்டும்போது எழுநூறு முறை விழுந்தால் அந்த நாணயத்தில் ஏதோ இருக்கிறது. எத்தனை பேரைச் சேர்த்தால் தற்செயலையும் உண்மையையும் பிரித்தறியலாம் என்பதை ஆய்வு தொடங்குமுன்பே கணக்கிட வேண்டும். கணிதம் எதற்கு என்று உயர்தரத்தில் முணுமுணுத்த நான், புள்ளிவிபரவியல் வகுப்பில் அதற்காக வருந்தினேன்.

ஐந்தாவது, முன்கூட்டியே பதிவு செய்வது. எதைத் தேடப் போகிறோம் என்பதை ஆய்வுக்கு முன்னரே பகிரங்கமாக எழுதி வைக்காவிட்டால், நல்ல முடிவை மட்டும் வெளியிட்டு மற்றதை அலுமாரியில் பூட்டிவிடலாம். இதற்காகவே இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் மருத்துவ ஆய்வுகளுக்கான பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட பதிவேடு அது. யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம்.

வீடு வீடாகச் சென்றவர்கள்

இதெல்லாம் வைத்தியர்களுக்குத்தானே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் காசநோயாளியைச் சனற்றோரியத்தில் மாதக்கணக்கில் வைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுப்பதே சிறந்த சிகிச்சை என்று உலகம் நம்பியது. ஆனால் இந்தியாவில் இருந்த நோயாளர் தொகைக்கு அத்தனை கட்டில் எங்கே? அங்கு ஆய்வாளர்கள் நோயாளரைச் சீட்டுப் போல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சனற்றோரியத்தில். மற்றவர் சென்னையின் நெருக்கமான குடிசைகளில், சொற்ப உணவோடு, தமது பிள்ளைகளோடு. மருந்து இரு பக்கமும் ஒன்றே. ஒரு வருடத்தின் பின் பார்த்தால் இரு பகுதியினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. 1959இல் அந்த முடிவு வெளியானதும் உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கே மாறியது. கணவனையோ தாயையோ பிரிந்து ஒரு வருடம் கிடக்க வேண்டிய நிலை எத்தனையோ ஏழைகளுக்கு நீங்கியது. அந்த ஆய்வு நடந்ததற்குக் காரணம், வீடு தேடிச் சென்று மாத்திரைகளை எண்ணி, சிறுநீரைச் சோதித்து, உள்ளதை உள்ளபடி எழுதிவந்த ஊழியர்கள். அவர்களில் ஒருவர் சோம்பலினால் பொய்க் கணக்கு எழுதியிருந்தாலும் முடிவு பிழைத்திருக்கும்.

மற்றது அண்மையது. பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை மூன்றிலும் 30 கிராமப் பகுதிகளில் உயர் இரத்த அழுத்தமுள்ள 2645 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. சுகாதார ஊழியர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தத்தை அளந்து, உணவு பற்றியும் மருந்து பற்றியும் பேசினால் பயனுண்டா என்பது கேள்வி. இரண்டு வருடத்தின் பின், வழக்கமான கவனிப்புப் பெற்ற கிராமங்களைவிட இக்கிராமங்களில் மேல் அழுத்தம் சராசரியாக 5 மில்லிமீற்றர் அளவு கூடுதலாகக் குறைந்திருந்தது. ஒருவருக்கு இது சிறிது. ஊருக்கே குறைந்தால் பாரிசவாதமும் மாரடைப்பும் பல குறையும். இலங்கையில் வீடு வீடாகச் சென்றவர்கள் நமது குடும்பநல உத்தியோகத்தர்கள். ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் தஸீன் ஜாஃபர் என்னும் பாகிஸ்தானியப் பெண் வைத்தியர். மாமியிடம் இதைச் சொன்னபோது அந்தப் பெயரை இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

நம்பிக்கை என்னும் அமானிதம்

ஆனால் எல்லா ஆய்வும் பெருமைக்குரியது அல்ல. அமெரிக்காவின் டஸ்கீகி என்ற இடத்தில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஏழை ஆண்கள் சுமார் 600 பேரை அரச சுகாதாரத் துறை அவதானித்தது. அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் நோய் இருந்தது. நோய் என்னவென்று அவர்களுக்குச் சொல்லவில்லை. பெனிசிலின் அந்நோயைக் குணமாக்கும் என்று தெரிந்த பின்னரும் கொடுக்கவில்லை. நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதற்காகவே விட்டுவைத்தார்கள். பல ஆண்டுகளாக அந்த ஆண்களைத் திரும்பத் திரும்ப வரச்செய்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்னும் தாதி. அவரும் அதே சமூகத்தவர். அவர்கள் நம்பியது வைத்தியர்களை அல்ல, அவரைத்தான்.

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நோயாளி நம்மீது வைக்கும் நம்பிக்கை அமானிதம். அது எவ்வளவு பெரியதோ அவ்வளவு ஆபத்தானது. உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கியில் வெளியிட்ட பிரகடனமும், இன்று ஒவ்வொரு மருத்துவ பீடத்திலும் உள்ள ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுக்களும், பங்குபற்றுபவரின் சம்மதத்தை முதலில் வைப்பது இதனால்தான்.

சம்மதம் என்பது கையொப்பம் அல்ல என்பதை நான் உடுப்பிட்டியில் கற்றேன்.

பயிற்சிக்காக நான் செய்யும் சிறு ஆய்வு அங்கேதான் நடக்கிறது. நான் அந்த ஊர்க்காரி அல்ல; வேலைக்காக அங்கே ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். வடமராட்சியில் தோட்டம் செய்பவர்கள் பலர் வெறுங்காலோடு நிற்பவர்கள். கோயில் வீதியிலும் வெறுங்கால்தான். நீரிழிவு நாட்பட்டால் காலின் உணர்வு குறையும். முள் ஏறினாலும் மணல் சுட்டாலும் தெரியாது. சிறு புண் பெரிதாகி, கடைசியில் விரலையோ காலையோ அகற்ற வேண்டிவரும். கிளினிக்கில் "கால்களைக் கவனியுங்கோ" என்று வழக்கமாகச் சொல்கிறோம். அதனுடன், வீட்டுக்கே போய், கைக்கண்ணாடியைப் பாதத்தின் கீழ் பிடித்து உள்ளங்காலைப் பார்ப்பது எப்படி என்று செய்து காட்டினால், மூன்று மாதத்தின் பின் அவர்கள் தாமாகவே தினமும் கால்களைப் பார்ப்பார்களா? இதுதான் என் கேள்வி. ஒரு குழுவுக்கு இப்போதே வீட்டுக்குப் போவோம். மற்றக் குழுவுக்கு ஆய்வு முடிந்ததும் போவோம்.

தகவல் படிவத்தைத் தமிழில் நானே எழுதினேன். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் கிடைத்தது. நான் இருக்கும் வீட்டு ஆச்சிக்கும் நீரிழிவு. படிவத்தை வாங்கி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரத்து வாசித்தவர், பாதியில் நிறுத்தினார்.

"இதென்ன பிள்ளை, எழுந்தமானமாய்ப் பிரிப்பம் எண்டு கிடக்குது? அப்ப நீங்கள் யோசியாமல் கொள்ளாமல் ஏனோதானோ எண்டு வைத்தியம் பாக்கப் போறியளோ?"

பாடநூலில் உள்ள "எழுமாற்று" யாருக்கும் விளங்காது என்று நினைத்துத்தான் "எழுந்தமானமாக" என்று எழுதியிருந்தேன். அது அவருக்குப் பொறுப்பற்ற வேலையாகக் கேட்டது. "சீட்டுக் குலுக்கிறது ஆச்சி" என்று விளக்கினேன். "அப்ப அதை அப்படியே எழுதன்" என்றார். நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம் மனைவியரில் யாரை அழைத்துச் செல்வது என்று சீட்டுக் குலுக்கியே தீர்மானித்தார்கள் என்று நாம் இஸ்லாம் பாடத்தில் படித்தது அப்போது நினைவுக்கு வந்தது. ஆச்சிக்கும் எனக்கும் விளங்கும் நீதி ஒன்றுதான். "நாங்கள் விரும்பியபடி பிரிக்கமாட்டோம், சீட்டுக் குலுக்கியே பிரிப்போம்" என்று படிவத்தைத் திருத்தினேன். அனுமதி பெற்ற படிவத்தில் ஒரு சொல் மாறினாலும் குழுவுக்குத் திரும்ப அனுப்ப வேண்டும். மூன்று வாரம் தாமதம். தாமதித்தது நல்லது.

இரண்டாவது பாடம் கிளினிக்கில் கிடைத்தது. சேர்க்க வேண்டிய தொகைக்கு இன்னும் சிலர் குறைவு, நாளும் நெருங்கிவிட்டது. ஒரு முதியவர் நான் சொல்லி முடிக்குமுன்னே பேனையை வாங்கினார்.

"ஐயா, கேட்டிட்டு ஒப்பம் வையுங்கோ. விருப்பமில்லாட்டில் விடலாம்."

"எனக்கேன் பிள்ளை கேள்வி? நீங்கள் மருந்து தாற ஆக்கள். மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு அடுத்தமுறை என்ன முகத்தோடை உங்களிட்டை வாறது?"

பேனை அவருடைய கையில் இருந்தது. அவர் ஒப்பம் வைத்திருந்தால் யாரும் குறை கண்டிருக்க மாட்டார்கள். படிவம் முறையாக இருந்திருக்கும். எனக்கு ஓர் ஆள் கிடைத்திருப்பார். ஆனால் அது சம்மதமல்ல, பயம். நான் படிவத்தைத் திரும்ப எடுத்து, சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அவருக்குக் கிடைக்கும் மருந்திலும் கவனிப்பிலும் எந்த மாற்றமும் இராது என்று ஆறுதலாக விளக்கினேன். சிறிது யோசித்துவிட்டு, "அப்ப எனக்கு வேண்டாம். வீட்டை ஆக்கள் வாறது மருமகளுக்குக் கரைச்சல்" என்றார்.

அடுத்த மாதம் அவர் கிளினிக்குக்கு வந்தார். வழக்கம்போல அவருடைய கால்களைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கே படிக்கலாம்

தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் மூன்று ஆண்டு டிப்ளோமா படிக்கலாம். யாழ்ப்பாணம், கிழக்கு, கொழும்பு, பேராதனை முதலிய பல்கலைக்கழகங்களில் தாதியியல் பட்டம் உண்டு. பட்டப்படிப்பில் ஓர் ஆய்வையும் செய்ய வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978 முதல் இயங்கிவருகிறது. வைத்தியர்கள் விசேட வைத்திய நிபுணராவதற்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் பயிலும்போதும் ஆய்வுப் பயிற்சி உண்டு. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த வைத்தியமும், கொழும்பில் யூனானியும் பல்கலைக்கழகப் பட்டங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. நமது முன்னோரின் மருந்துகளை நேசிப்பவர்கள்தான் அவற்றை முறையாகச் சோதித்துப் பார்க்கவும் முன்வர வேண்டும். பிரித்தானியாவில் தாதியருக்கும் மருத்துவச்சிகளுக்கும் இயன்மருத்துவருக்கும் தமது வேலையோடு சேர்த்து ஆய்வில் முதுமாணி செய்வதற்கு அரசே புலமைப்பரிசில் கொடுத்துவந்திருக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் மருத்துவ ஆய்வின் அடிப்படைகளை இணையவழி இலவசமாகக் கற்பிக்கின்றன. ஆங்கிலம் ஓரளவு தெரிந்தால் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

உயிரியலும் கணிதமும் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதால் மட்டும் சொல்லவில்லை, தமிழும் வேண்டும். 1848 முதல் மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்காவிலிருந்து வந்தவர், பின்னாளில் தம் மாணவருக்குத் தமிழிலேயே கற்பித்தார். இரணவைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். சொற்களுக்காக அவர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்பது ஒரு பக்கப் படிவத்தை எழுதியபோது எனக்கு விளங்கியது. ஆச்சிக்கு விளங்காத சொல்லில் வாங்கும் சம்மதம் சம்மதம் ஆகாது.

என் ஆய்வு இன்னும் முடியவில்லை. வீட்டுக்குப் போவதால் பயனில்லை என்றும் முடிவு வரலாம். அப்படி வந்தால் அதையும் அப்படியே எழுதுவேன், இன்ஷா அல்லாஹ். அந்த நேரத்தை வேறு ஒன்றுக்குச் செலவிடலாம் என்று அடுத்த தாதிக்குத் தெரியும் அல்லவா?

மாமிக்கு இப்போது என் பதில் இதுதான். நோயாளிக்கு மிக அருகில் நிற்பது நாங்கள். கேள்வி முதலில் எழுவது எங்களிடத்தில்தான். அதைக் கேட்காமல் விட்டால், பயனில்லாத ஊசியைப் பிழையில்லாமல் போடுகிறவர்களாகவே இருந்துவிடுவோம்.